தனித்தனிப் பேட்டிகள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மக்களவைத் தேர்தல் வந்துவிட்டால் தொலைக்காட்சியில் தலைவர்களின் பேட்டிகளுக்குக் குறைவில்லை. ஆனால் பிரதமர் பதவிக்குப் போட்டியிடும் இருவரை ஒரே மேடையில் அமர்த்தி, ஒரே கேள்வியைக் கேட்டதுதான் இல்லை.

2014 ஜனவரியில் ராகுல் காந்தியை அர்ணாப் கோஸ்வாமி துருவித் துருவிக் கேட்டார். 2019இல், மூன்றாம் கட்ட வாக்குப்பதிவுக்கு மறுநாள் ஒளிபரப்பான பேட்டியில், மாம்பழம் சாப்பிடுவீர்களா என்று பிரதமர் மோடியிடம் கேட்டார் நடிகர் அக்ஷய் குமார். இவற்றை வைத்து வாக்காளர் எதை ஒப்பிடுவது?

இது ஒரு கட்சி மீதான புகார் அல்ல. 2009இல் எதிர்க்கட்சியாக இருந்த பா.ஜ.க.வின் அத்வானி விவாதத்துக்கு அழைத்தார். அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் மறுத்தார். 2024 மே மாதம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் மதன் லோகுர், ஏ.பி. ஷா, பத்திரிகையாளர் என். ராம் ஆகியோர் மோடிக்கும் ராகுலுக்கும் அழைப்பு விடுத்தனர். ராகுல் சம்மதித்தார். பா.ஜ.க.வோ இளைஞர் அணி நிர்வாகி ஒருவரை அனுப்புவதாகச் சொன்னது. ஆக, ஆட்சியில் இருப்பவர் எவரானாலும் நழுவுகிறார்.

நம்முடையது அமெரிக்கா போன்ற அதிபர் ஆட்சி இல்லையே என்பார்கள். நாம் பின்பற்றும் நாடாளுமன்ற முறையின் தாய்நாடான பிரிட்டனில், 2010 தேர்தலின்போது பதவியில் இருந்த பிரதமர் கார்டன் பிரவுனே மூன்று தொலைக்காட்சி விவாதங்களில் பங்கேற்றாரே!

அத்தகைய விவாதத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: மாநிலங்களுக்குப் பங்கு தராத செஸ், சர்சார்ஜ் வசூலைக் குறைப்பீர்களா? மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்களின் மக்களவை இடங்கள் தொகுதி மறுவரையறையில் குறையாது என்று எப்படி உறுதி தருவீர்கள்? இவற்றுக்கு இருவரும் அடுத்தடுத்துப் பதில் சொல்ல வேண்டும். இடையில் மழுப்பினால் மற்றவர் மடக்க வேண்டும்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத் தூர்தர்ஷனிலும் வானொலியிலும் இலவச நேரம் இப்போதே ஒதுக்கப்படுகிறது. முன்கூட்டியே ஒப்படைத்த உரையை வாசித்துவிட்டுப் போகிறார்கள், எதிர்க்கேள்வி கிடையாது. அந்த நேரத்தில் ஒரு பகுதியைத் தலைவர்களின் நேருக்கு நேர் விவாதத்துக்கென்று தேர்தல் ஆணையம் ஒதுக்க வேண்டும். ஒருவர் வர மறுத்தாலும் நிகழ்ச்சி நடக்க வேண்டும். வந்தவரிடம் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். வராதவரின் நாற்காலி காலியாகவே இருக்கட்டும். அதைப் பார்த்துவிட்டு மக்கள் வாக்களிக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி.