திரும்பி வருவது எது?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கன்னாபொலிஸ் என்றோர் ஊர் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேனன் குடும்பம் எழுப்பிய ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. துவாலைகளும் படுக்கை விரிப்புகளும் அங்கே நெய்யப்பட்டன. குடியிருந்த வீடுகள்கூட நெடுங்காலம் ஆலைக்கே உரியவையாக இருந்தன. 2003 ஜூலை 30 அன்று, பில்லோடெக்ஸ் என்ற பெயரில் நடந்துவந்த அந்த ஆலை மூடப்பட்டது. வட கரோலினாவில் மட்டும் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலை இழந்தனர்.

வெளிநாடுகளுக்குப் போன வேலைகளைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று அமெரிக்க அரசியல் மேடைகளில் முழங்குவோர் இத்தகைய ஊர்களையே சான்று காட்டுகின்றனர். 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட சுங்கவரிகளுக்கும் இதுவே முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. வியட்நாமுக்கு 46 விழுக்காடு, வங்கதேசத்துக்கு 37 விழுக்காடு, லெசோத்தோ என்ற சிறு நாட்டுக்கு 50 விழுக்காடு என அப்பட்டியல் நீண்டது. ஐபோனுக்குள் சின்னஞ்சிறு திருகாணிகளை முடுக்கும் இலட்சக்கணக்கானோரின் வேலை அமெரிக்காவுக்கு வரப்போகிறது என்று அந்நாட்டின் வணிகத்துறைச் செயலர் ஹோவர்ட் லட்னிக் தொலைக்காட்சியில் பெருமிதத்துடன் கூறினார். குறைந்த கூலித் தொழிற்சாலை வேலைகள் அவ்வாறு திரும்பி வரத்தான் வேண்டுமா என்பதே இங்கே ஆராயத்தக்கது.

‘திரும்பு’ என்ற வினை தன்னுள் சில முன்முடிவுகளை அடக்கி வைத்திருக்கிறது. போன பொருளுக்கு ஒரு சொந்த வீடு உண்டு என்பது முதலாவது. போனதும் வருவதும் ஒன்றே என்பது இரண்டாவது. ‘வேலைகள் வெளியேறின’ என்ற தொடரும் அப்படிப்பட்டதே. அது தன்வினை. வேலைக்குக் கால்கள் இல்லை. அதை வெளியேற்றியவர் உண்டு. பிறவினையில் சொன்னால் ‘யார்’ என்ற கேள்வி எழும். தன்வினையில் அக்கேள்வி எழாமலே போகிறது. பழி கடலுக்கு அப்பால் உள்ள தொழிலாளியின் மீது விழுவதற்கு இந்த இலக்கணம் வழிவிடுகிறது.

வீடு பற்றிய முன்முடிவை முதலில் பார்க்கலாம். கரோலினாவின் நெசவு கரோலினாவில் பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நெசவின் தலைமையிடமாக இருந்தவை லோவெல், லாரன்ஸ் முதலிய வடகிழக்கு நகரங்கள். 1912-இல் லாரன்ஸ் தொழிலாளர்கள் கூலிவெட்டுக்கு எதிராக நடத்திய வேலைநிறுத்தம் புகழ்பெற்றது. அதற்குப் பின் வந்த சில பத்தாண்டுகளில் நெசவு முதலீடு தெற்கு நோக்கி நகர்ந்தது. அங்கே கூலி குறைவு. சங்கங்களும் வலுவாக இல்லை. லாரன்ஸ் இழந்ததைக் கன்னாபொலிஸ் பெற்றது. பின்னர் அதே கணக்கின்படி கன்னாபொலிஸ் இழந்ததை ஆசிய நகரங்கள் பெற்றன. வேலை ‘வீடு திரும்ப’ வேண்டுமெனில் எந்த வீட்டுக்கு? காலத்தை இன்னும் பின்னோக்கிச் செலுத்தினால், உலகுக்கே பருத்தித் துணி அனுப்பிய சோழமண்டலக் கடற்கரையும் தன் பங்கைக் கேட்கக்கூடும்.

இரண்டாவது முன்முடிவே இன்னும் முக்கியமானது. தொழிற்சாலை வேலை என்றதும் அமெரிக்க நினைவில் எழுவது ஒருவரின் சம்பளத்தில் குடும்பம் நடந்த காலம். அந்தச் சம்பளம் இயந்திரத்திலிருந்து பிறந்ததன்று. 1935-இல் வாக்னர் சட்டம் சங்கம் சேரும் உரிமையைக் காத்தது. 1936 டிசம்பர் இறுதியில் பிளின்ட் நகரின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளுக்குள் அமர்ந்த தொழிலாளர்கள் 44 நாட்கள் அசையாமல் இருந்து சங்கத்துக்கு ஏற்பு பெற்றனர். அதற்கு முன் கார் தொழிற்சாலை வேலையும் நிலையற்ற வேலையாகவே இருந்தது. கன்னாபொலிஸில் இதற்கே கால் நூற்றாண்டு பிடித்தது. 1974-இல் நடந்த சங்க வாக்கெடுப்பில் தொழிலாளர் தரப்பு தோற்றது. மீண்டும் மீண்டும் முயன்று 1999-இல்தான் வென்றது. நான்கே ஆண்டுகளில் ஆலை மூடப்பட்டது. 1964-இன் குடிமை உரிமைகள் சட்டம் வரும்வரை தென்மாநில ஆலைகளின் இயந்திர வேலைகள் பெரும்பாலும் கறுப்பினத்தவருக்கு மறுக்கப்பட்டிருந்தன என்பதையும் இந்தப் பொற்கால நினைவு மறந்துவிடுகிறது. அந்த ஊர் இழந்தது போராடிச் சேர்த்த கூலியும் காப்பும். இன்று திருப்பித் தருவதாகச் சொல்லப்படுவதோ அவை உரிக்கப்பட்ட வெறும் வேலை. 2024-இல் அமெரிக்கத் தனியார் துறையில் சங்க உறுப்பினர்கள் 5.9 விழுக்காட்டினர் மட்டுமே.

இழப்பு பொய்யென்று எவரும் சொல்லிவிட முடியாது. 2000-இல் ஏறத்தாழ 1.73 கோடிப் பேர் அமெரிக்க உற்பத்தித் துறையில் இருந்தனர், 2010-இல் 1.15 கோடிப் பேரே எஞ்சினர். இயந்திரமயமும் 2008-இன் நெருக்கடியும் அதில் பங்கு வகித்தன. எனினும் சீன இறக்குமதியின் பங்கும் பெரிது. டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கார்டன் ஹேன்சன் ஆகியோரின் ஆய்வுகள் இதை நிறுவின. அவர்களுள் சிலர் பங்கேற்ற ஓர் ஆய்வு, 1999 முதல் 2011 வரை இருபது முதல் இருபத்து நான்கு இலட்சம் வேலைகள் இவ்வாறு போயின என மதிப்பிட்டது. வேலை இழந்தோர் வேறு ஊருக்கோ துறைக்கோ எளிதில் பெயர்ந்துவிடுவர் என்ற பாடநூல் நம்பிக்கை பொய்த்தது. வணிகத்தால் வேலை இழந்தோருக்கென 1962-இல் தொடங்கிய உதவித் திட்டமும் 2022 ஜூலையில் புதியவர்களுக்குக் கதவை மூடிக்கொண்டது. தடையற்ற வணிகத்தைப் போற்றியோர் இக்கடனை ஏற்றே ஆகவேண்டும்.

ஆனால் சுங்கவரி அக்கடனைத் தீர்க்குமா? 2018-இல் சலவை இயந்திரங்களுக்கு வரி விதிக்கப்பட்டது. விலை ஏறியது, வரி விதிக்கப்படாத உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் சேர்ந்தே ஏறியது, இரண்டும் இணையாக விற்பவை என்பதால். அமெரிக்காவில் சுமார் 1,800 வேலைகள் உருவாயின. நுகர்வோர் கூடுதலாகச் செலுத்தியதை அவற்றால் வகுத்தால் ஒரு வேலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 8,15,000 டாலர் என்று ஃபிளாயென், ஹோர்டாக்சு, டின்டெல்நாட் என்னும் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அத்தொகையில் மிகச் சிறு பகுதியே தொழிலாளியின் கைக்குப் போயிருக்கும். 2017-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் 13,000 வேலைகள் வரும் என்று ஃபாக்ஸ்கான் அறிவித்தது. 2021-இல் அந்த உறுதி 1,454-ஆகச் சுருங்கியது. அடிடாஸ் நிறுவனம் ஜெர்மனியிலும் அட்லாண்டாவிலும் தானியங்கிக் காலணி ஆலைகளைத் திறந்தது. சில ஆண்டுகளிலேயே அவற்றை மூடி, அத்தொழில்நுட்பத்தை ஆசியாவுக்கு அனுப்பியது.

குறைந்த கூலி வேலை அமெரிக்க மண்ணில் எப்படி இருக்கும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் தையற்கூடங்கள் இன்றும் இயங்குகின்றன. அங்கே தைப்போர் பெரும்பாலும் புலம்பெயர்ந்தோர். ஓர் ஒப்பந்தக்காரர் மணிக்கு 1.58 டாலர் மட்டுமே கொடுத்ததை அமெரிக்கத் தொழிலாளர் துறையின் 2022-ஆம் ஆண்டு ஆய்வு கண்டறிந்தது. அதே நாட்டின் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர், 2009 முதல் அது உயர்த்தப்படவே இல்லை. இத்தகைய வேலைக்கு ஆள் தேவை என்போர், ஆள் வரும் வாயில்களையும் சேர்த்தே அடைக்கின்றனர். 2024-இல் கேட்டோ நிறுவனம் வெளியிட்ட கருத்துக் கணிப்பில், இன்னும் பலர் தொழிற்சாலையில் பணியாற்றினால் நாட்டுக்கு நல்லது என்றோர் 80 விழுக்காட்டினர்; தாம் தொழிற்சாலைக்குப் போனால் தமக்கு நல்லது என்றோர் 25 விழுக்காட்டினர். அடுத்தவர் பிள்ளைக்குப் பரிந்துரைக்கப்படும் வேலை இது.

கடலின் இக்கரையில் நிற்பவரையும் கணக்கில் கொள்ள வேண்டும். வங்கதேசத்தில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் பேர் ஆடைத் தொழிலில் இருக்கின்றனர், பெரும்பாலோர் பெண்கள். 2023 டிசம்பரில் அவர்களின் குறைந்தபட்ச மாதக்கூலி 12,500 டாக்காவாக உயர்ந்தது. அப்போதைய மதிப்பில் அது 115 டாலரைக்கூடத் தொடாது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கான அமெரிக்க வரி 50 விழுக்காட்டைத் தொட்டபோது, அமெரிக்காவையே பெருஞ்சந்தையாகக் கொண்ட திருப்பூர் அதிர்ந்தது. அங்கே ஆர்டர் நின்றால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவர் தையல் எந்திரத்தில் அமர்ந்திருப்பவரே. அவர் இழப்பதைக் கன்னாபொலிஸ் பெறப்போவதில்லை. அந்த ஆர்டர் அடுத்த மலிவான நாட்டைத் தேடிப் போகும்.

அப்படியானால் மலிவு உழைப்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்பதா முடிவு? 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டனர். நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆலைத் தீயில் 1911-இல் 146 பேர் மாண்டதன் மறுபிறப்பு அது. நியூயார்க்கில் அச்சாவுக்குப் பின் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. டாக்காவில் சட்டப்படி கட்டுப்படுத்தும் தீ, கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் வந்தது. தமிழ்நாட்டில் ஒரு பெண் தொழிலாளி கொல்லப்பட்டதன் பின்னணியில், பெண்கள் முன்னின்று நடத்தும் ஒரு சங்கம் 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைச் சாதித்தது. பன்னாட்டு ஆடை நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. வேலையை நல்லதாக்குவது அது அமைந்த நாடு என்று இவற்றுள் எதுவும் சொல்லவில்லை. மீறினால் வழக்காடக்கூடிய உடன்படிக்கையே அதை நல்லதாக்குகிறது.

மருந்து, சில்லு, முகக்கவசம் போன்றவற்றைப் பிற நாடுகளிடம் எதிர்பார்த்திருப்பது ஆபத்து என்று 2020 கற்பித்தது உண்மை. அவற்றுள் சிலவற்றை உள்நாட்டில் செய்ய அரசு செலவிடுவது நியாயமே. ஆனால் அது பாதுகாப்பு பற்றிய வாதம். சில்லு ஆலைக்குத் தேவை குறைவான ஆட்களும் மிகுந்த பயிற்சியும். அந்த வாதத்தைக் காட்டி உள்ளாடைக்கும் பொம்மைக்கும் வரி கேட்பது முறையன்று.

அமெரிக்கத் தொழிலாளிக்குத் தரவேண்டிய கடன் வேறொரு வாசலில் காத்திருக்கிறது. முதியோரையும் நோயாளிகளையும் வீட்டிலிருந்து பேணும் பணியில் அந்நாட்டில் நாற்பது இலட்சம் பேர் அளவில் உள்ளனர். அவ்வேலையைக் கப்பலேற்றி எங்கும் அனுப்ப முடியாது. இருந்தும் 2024-இல் அவர்களின் நடுநிலை ஆண்டு வருவாய் சுமார் 35,000 டாலர்தான். அவர்களுள் பெரும்பாலோருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே 2015-இல்தான் எட்டியது. பிளின்ட் தொழிலாளர் 1937-இல் பெற்றதை இவர்கள் பெற்றால், கன்னாபொலிஸ் போன்ற ஊர்களில் மீண்டும் ஒரு சம்பளத்தில் வீடு நடக்கும்.

மூடிய ஆலை இடிக்கப்பட்டு, அந்நிலத்தில் இன்று ஓர் ஆராய்ச்சி வளாகம் நிற்கிறது. ஆலையில் நூற்றவர்களுள் பள்ளிப் படிப்பை முடிக்காதவர் பலர். அவர்களுக்கு அங்கே இடமில்லை. அவர்கள் கேட்டது துவாலை நெய்யும் வேலையையே அன்று; அவ்வேலை ஒருகாலத்தில் தந்த நிம்மதியை. அந்த நிம்மதியைக் கொடுக்க மனமில்லாதோர்தாம் வேலையை மட்டும் திருப்பித் தருவதாகச் சொல்கின்றனர்.