மலர்க் கையேடு

கோவையினின்று பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்துள்ளது மதுக்கரை. சுண்ணாம்புக் கல்லுக்கும் சிமெண்டு ஆலைக்கும் பெயர்பெற்ற ஊர் அது. அதன் குன்றுகளைத் தொலைவிலிருந்து காண்போர், கல்லும் முள்ளும் மண்டிய வறண்ட நிலம் என்றே எண்ணுவர். மழைக்குப் பின் சென்று காண்பவரோ, ஆவாரையும் பூளையும் தும்பையும் பூத்துக் கிடத்தலைக் கண்டு வியப்பர். வியப்பை அடுத்து, ‘இப்பூவின் பெயர் யாது?’ என்னும் வினா எழும். அதற்கு விடை கூறுவதே வட்டார மலர்க் கையேட்டின் பணியாகும்.

இத்தகைய நூல் வேண்டுவதில்லை என்பாரும் உளர். ஊர் முதியோர் அறியாத செடியும் உண்டோ என்பது அவர் வாதம். முதியோர் அறிவு போற்றற்குரியதே. பொங்கலை ஒட்டி ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்துக் காப்புக் கட்டும் கொங்கு நாட்டு மக்கள், அவற்றை அறிய எந்நூலையும் நாடுவதில்லை. எனினும், வழக்கில் உள்ள பெயர் மட்டும் போதுமானதன்று. ஒரே கொடி செங்காந்தள், கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு எனப் பல பெயர் பெறுகின்றது. வெள்ளைப் பூப் பூக்கும் செடியும் மஞ்சள் பூப் பூக்கும் வேறொரு செடியுமோ கரிசலாங்கண்ணி என்னும் ஒரே பெயரைத் தாங்குகின்றன. மருந்துக்கென ஒன்றைத் தேடுவார் மற்றொன்றைப் பறித்து வருதல் கூடும். இம்மயக்கத்தை நீக்குவதில்தான் கையேட்டின் பயன் விளங்குகின்றது.

ஆயின், அச்சேறிய யாவும் பிழையற்றவை என நம்பிவிடலாகாது. மலர்களை நிறவாரியாக வகுத்தல் கற்கத் தொடங்குவார்க்கு எளிது. ஆனால், செங்காந்தளின் இதழ்கள் முதலில் பசுமையாகவும் பின்னர் மஞ்சளாகவும் இறுதியில் செந்நிறமாகவும் மாறுவன. அதனை நூலின் எப்பகுதியில் தேடுவது? இலையின் நுனி சுருண்டு அருகிலுள்ள செடியைப் பற்றிக்கொள்ளும் என்னும் அடையாளமே அங்குத் துணை செய்யும். அக்கொடியின் கிழங்கு கொடிய நஞ்சுடையது. உண்ணத்தக்க கிழங்கென மயங்கி உண்டு மாண்டோரும் உளர். எனவே, அடையாளத்தில் நேரும் சிறு பிழையும் உயிருக்கே கேடாய் முடியலாம். படத்தை மட்டும் நம்பி எச்செடியையும் வாயிலிடுதல் அறிவுடைமையன்று.

கையேட்டிற்கு இடவெல்லையும் காலவெல்லையும் உண்டு. பைசன் என்னும் அறிஞர் நீலகிரி, பழனி மலையுச்சிகளின் செடிகளைப் பற்றி எழுதிய நூல் சிறந்ததே. ஆயினும் மதுக்கரை அடிவாரத்திற்கு அது முழுதும் பொருந்தாது. கணவாய்க்கு மேற்கே ஆனி, ஆடியில் பெருமழை பொழிகின்றது. கோவைக்கோ ஐப்பசி மழையே பெரிது. ஆதலின், அங்குப் பூக்கும் பருவத்தை இங்குக்கும் உரியதாக எழுதினால் பிழை நேரும். கேம்பிள் 1915இல் வெளியிடத் தொடங்கி, அவர் மறைவுக்குப்பின் பிஷர் 1936இல் நிறைவு செய்த சென்னை மாகாணத் தாவர நூல் பெரும்பணியாகும். ஆனால், 1950களில் புனேயில் கவனிக்கப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவிய பார்த்தீனியத்தை அந்நூலில் தேடுதல் வீண். அதில் காசியா எனக் குறிக்கப்பட்ட ஆவாரை, இன்று சென்னா என்னும் பெயரால் வழங்குகின்றது.

இக்குறைகளுக்கு அஞ்சி நூலை ஒதுக்குதல் தகாது. திருத்தி வளர்த்தலே தக்கது. கோவையில் 1955 முதல் இயங்கிவரும் இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்மண்டல நிலையத்தில், உலர்த்திய செடிகள் தாள்களில் ஒட்டப்பட்டு, கிடைத்த இடமும் நாளும் எழுதிக் காக்கப்படுகின்றன. ஐயம் எழுந்தால் எவரும் நூலின் கூற்றை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சான்றோடு கூடிய இம்முறையே நூலுக்கு நம்பிக்கை அளிப்பது.

மாணவரும் இப்பணியில் பங்குகொள்ளலாம். ஒரு குறிப்பேட்டில் பூவின் நிறத்தோடு இலையின் அமைப்பு, கண்ட இடம், நாள், ஊரார் வழங்கும் பெயர் ஆகியவற்றையும் எழுதிவரின், அடுத்துத் தோன்றும் கையேடு முன்னையதினும் செம்மை பெறும். பாட்டியின் நாவில் உள்ள பெயர் அவரோடு மறைந்துவிடாமல் காத்தலும் அக்குறிப்பேட்டால் இயலும். நூல் வழிகாட்டும்; கண்டு தெளிவது கற்பவரின் கடமையாகும்.