கேட்கப்படாத சம்மதம்

கல்முனைக் கரையிலே ஓர் இளைஞனுக்கு இல்லாத குரல் கேட்கத் தொடங்கினால், அவனைப் பற்றி எல்லோரும் பேசுவர். அவனோடு பேசுவோர் சிலரே. ஓதிப் பார்ப்பதா, கிளினிக்குக்குக் கொண்டுபோவதா என்பதை உம்மாவும் வாப்பாவும் காக்காவும் தீர்மானிப்பர். தெரு அவனுக்கு 'விசரன்' என்று பெயர் சூட்டும். கற்றறிந்த வைத்தியரும் அவனைக் கேளாமலே முடிவு செய்வாராயின், அதை நாம் என்னவென்பது?

உளமாய நோய் பற்றிய ஆய்வுகளுக்குத் தம் நோயாளிகளை அனுப்ப வைத்தியர் பலர் தயங்குகின்றனர். இது பல நாடுகளிலும் காணப்படும் நிலை. "அவனுக்கு விளங்காது", "மனம் மேலும் குழம்பும்", "எம்மீதுள்ள நம்பிக்கை போய்விடும்", "நேரமில்லை" என்பன அவர்கள் கூறும் காரணங்கள். கருணையின் மொழிதான், ஆயினும் நோயாளியின் வாயை அடைக்கும் கருணை இது.

விளங்காது என்பது உண்மையா? உளச்சிதைவு நோயாளருக்கு ஆய்வின் விபரங்களைப் பொறுமையோடு திரும்பத் திரும்ப விளக்கியபோது, அவர்களுடைய விளக்கம் நோயற்றோருடையதற்கு ஈடாக உயர்ந்ததை அமெரிக்க ஆய்வொன்று 2000ஆம் ஆண்டிலேயே காட்டிற்று. குறை நோயாளியின் அறிவில் மட்டுமன்று. சொல்பவரின் பொறுமையிலும் உண்டு.

தமிழ்நாடு உட்பட இந்தியாவின் மூன்று இடங்களில் 282 உளச்சிதைவு நோயாளர் பங்குகொண்ட ஆய்வு 2014இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர் வீடு தேடிச் சென்று உதவினால், வைத்தியசாலைப் பராமரிப்பை மட்டும் பெற்றோரைவிட நோயாளர் ஓரளவு கூடுதலாக நலம் பெறுவர் என்று அது கண்டது. உளநோய் மருத்துவர் அரிதான ஊர்களுக்கு இதைவிட வேண்டிய அறிவு எது? தமிழிலே கேட்கப்பட்டுச் சம்மதம் தந்தோரும் அந்த 282 பேரில் இருந்தனர். மருதமுனைத் தறிக்காரனும் சாய்ந்தமருது மீனவனும் கேட்கப்படாவிடின், வேறெங்கோ எடுத்த முடிவே அவர்களுக்கும் அளவுகோலாகும்.

ஆய்வாளர் எல்லோரும் உத்தமர் என்று நாம் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கிய பின்னர், வினாக்கொத்துகளோடு வந்து துயரத்தைக் குறித்துச் சென்றவர்களை இந்நாட்டின் கரையோரம் அறியும். ஆனால், கள்வனுக்கு அஞ்சி வீட்டுக்காரனையே உள்ளே வைத்துப் பூட்டுவது காவலாகாது. ஆய்வுக்கு உட்படும் மனிதனின் சுயவிருப்பான சம்மதம் பெறப்பட வேண்டும் என்று 1964இல் ஹெல்சிங்கிப் பிரகடனம் கூறிற்று. விருப்பத்தை அறிய வேண்டுமாயின் முதலில் கேட்க வேண்டும்.

நாம் கோருவது பெரிதன்று. "ஆய்வாளர் உங்களோடு தொடர்புகொள்ளலாமா?" என்று ஒவ்வொரு நோயாளியிடமும், அவர் தெளிவாக இருக்கும் வேளையில், நம் ஊர்த் தமிழில் கேட்டுப் பதிந்து வையுங்கள். இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் இத்தகைய முறை நடைமுறைக்கு வந்துள்ளது. மறுப்பவருக்கு மருந்திலோ மரியாதையிலோ குறை வரலாகாது. ஆய்வின் முடிவு ஊருக்குத் திரும்பி வரவேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! 'விசரன்' என்ற சொல்லை வகுப்பறையிலிருந்து அகற்றுவது நம் பங்கு. "வேண்டாம்" என்று மறுக்கும் உரிமைகூட, கேட்கப்பட்ட மனிதனுக்கே கிட்டும்.