குலசை தசரா வேன்ல பாக்ஸ் கட்டுற தம்பிகளுக்கு

தசரா குழு வேன்ல ஸ்பீக்கர் கட்டுறதைப் பத்தி ஒரு டாக்டர் ஏன் எழுதணும்? அந்தச் சத்தத்துல முதல்ல அடிபடுறது ரோட்டோரம் நிக்கிறவர் இல்லை. வேனுக்குள்ள இருக்கிற நீங்கதான்.

முத்தாரம்மனுக்கு மாலை போட்டு, வேஷம் கட்டி, ஊர் ஊராப் போய் காணிக்கை எடுக்கிற குழுவுக்குப் பாட்டும் மேளமும் வேணும். அதை நிறுத்தச் சொல்லலை. "பக்கத்துக் குழு 500 வாட், நம்ம 1000 வாட்" என்கிற போட்டியைத்தான் வேண்டாங்கிறேன்.

ஏன்னா கணக்கு இப்படி. வாட்டை இரட்டிப்பாக்கினா சத்தம் கூடுறது வெறும் 3 டெசிபெல். கேக்குறவருக்கு வித்தியாசமே சரியாத் தெரியாது. ரெண்டு மடங்கு சத்தமாக் கேக்கணும்னா சுமார் பத்து மடங்கு வாட் வேணும். ஆனா அந்த 3 டெசிபெல்லே காது தாங்குற நேரத்தைப் பாதியாக்கிடும். 85 டெசிபெல்னா 8 மணி நேரம், 88னா 4 மணி நேரம், 100னா 15 நிமிஷம். இது அமெரிக்காவோட நியோஷ் நிறுவனம் தொழிலாளர்களுக்காக வச்சிருக்கிற வரம்பு.

ஒரு வாட் கொடுத்தா ஒரு மீட்டர் தூரத்துல 90 டெசிபெல் தர்ற ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தா 110 வரும். அதுக்கு வரம்பு ரெண்டு நிமிஷம்கூட இல்லை. பாக்ஸ் மேல சாஞ்சு தூங்குற பையன், காளி வேஷத்துல முன்னாடி உட்கார்ந்திருக்கிற குழந்தை, வண்டி ஓட்டுற அண்ணாச்சி, இவங்க எத்தனை மணி நேரம் கேக்குறாங்கன்னு நீங்களே பாத்துக்கோங்க. உள்காதுல இருக்கிற முடிச்செல்கள் செத்தா திரும்ப முளைக்காது.

சப்வூஃபர் இன்னும் மோசமா ஏமாத்தும். போன்ல டெசிபெல் ஆப் வச்சுப் பார்ப்பீங்க. அது பெரும்பாலும் 'ஏ' அளவுகோல்ல காட்டும், தாழ்ந்த ஒலியைக் குறைச்சுதான் கணக்கு எடுக்கும். ஆனா அந்த 'டம் டம்' சுவரைத் தாண்டிப் போகும். ஜன்னலை மூடினாலும் படுக்கையில கிடக்குற பாட்டிக்குப் பாட்டு கேக்காது, இடி மட்டும் கேக்கும்.

என் யோசனை: பாக்ஸை ஆள் தலைக்கு மேல தூக்கி, வெளியே பாத்து வைங்க. சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுசாத் திருகுறதைவிடப் பெரிய ஆம்ப்ளிஃபயரைப் பாதியில வைக்கிறது நல்லது. முழுசாத் திருகினா ஒலி கிழியும், ட்வீட்டரும் போகும், காதுக்கும் கேடு. டிரைவருக்கும் பாக்ஸ் பக்கத்துல ஆடுறவங்களுக்கும் மருந்துக்கடையில கிடைக்கிற காது அடைப்பான் வாங்கிக் கொடுங்க. பஞ்சு வச்சா போதாது.

தூக்குறதுன்னு சொன்னதும் ஒரு நிமிஷம் மேல பாருங்க, கரண்ட் கம்பி. தஞ்சாவூர் களிமேட்டுல 2022 ஏப்ரல் 27 அன்னைக்குத் தேர் உயரழுத்தக் கம்பியில உரசி 11 பேர் போனாங்க.

வயரிங்கும் முக்கியம். 12 வோல்ட் பேட்டரியில 1000 வாட் உண்மையா இழுத்தா 80 ஆம்பியருக்கு மேல ஓடும். ஹெட்லைட் வயர்ல அதை எடுத்தா வயர் உருகும். தடிச்ச வயர், பேட்டரிக்குப் பக்கத்துலேயே ஃபியூஸ், ரெண்டும் கட்டாயம். ஜெனரேட்டர் வச்சா புகை வண்டிக்குள்ள வரவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

2000ஆம் வருஷ ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10ல இருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கு வருஷத்துல 15 நாள் வரை 12 மணிவரைக்கும் அரசு விலக்கு கொடுக்கலாம். ஆனா ஆஸ்பத்திரியைச் சுத்தி 100 மீட்டர் அமைதிப் பகுதி, அங்கே அந்த விலக்கு செல்லாது. பிரசவ வார்டு தாண்டுற வரைக்கும் ஆஃப் பண்ணிட்டுப் போனா அம்மன் கோவிச்சுக்க மாட்டா.

திருவிழா முடிஞ்சும் காதுல 'ங்ஙொய்'னு சத்தம், இல்ல அடைச்ச மாதிரி இருந்தா, அடுத்த நாளும் குறையலைன்னா உடனே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. திடீர்னு ஒரு காது கேக்காமப் போனா அன்னைக்கே. மாத்திரை ஆரம்பிக்க நாள் கணக்கு உண்டு. நடுவுல காய்ச்சின எண்ணெய் எதுவும் ஊத்தாதீங்க.