ஆறு அங்குலக் கல்லூரி

‘எல்லாப் பிள்ளைகளிடமும் போன் இருக்கிறதே’ என்ற நம்பிக்கையில், உயர்கல்வியின் ஒரு பெரும் பங்கு சத்தமில்லாமல் ஆன்லைனுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு பருவத்துக்கான பாடங்களில் 20 சதவீதம் வரை ‘ஸ்வயம்’ தளத்தில் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் அனுமதித்தது. 2021 விதிமுறைகள் அதை 40 சதவீதமாக்கின. அதாவது ஐந்து பாடங்களில் இரண்டு. இது உச்சவரம்புதான், கட்டாயமில்லை என்பார்கள். உண்மை. ஆனால், காலியிடங்களை நிரப்பாமல் கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே காலம் தள்ளும் கல்லூரிகளுக்கு, ஆசிரியர் இல்லாத பாடத்தை மாணவரின் சட்டைப்பைக்குத் தள்ளிவிட இதைவிட வசதியான வழி கிடைக்காது.

பாடங்களைக் குறைசொல்ல முடியாது. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய, ஸ்வயம் தளத்திலும் கிடைக்கும் என்பிடெல் இணையப் பாடத் திட்டம், தருமபுரியிலோ திருவாரூரிலோ இருக்கும் ஒரு மாணவிக்கு நாட்டின் தலைசிறந்த பேராசிரியர்களின் குரலைக் காசில்லாமல் கொண்டுசேர்த்தது. கேள்வி, அந்தக் குரல் எந்தக் கருவியில் வந்து இறங்குகிறது என்பதுதான்.

கைப்பேசியில் கேட்கலாம், பார்க்கலாம். எதையும் உருப்படியாகச் செய்ய முடியாது. ஏ4 அளவு பிடிஎஃப்பைப் பெரிதாக்கி, இடமும் வலமும் இழுத்து இழுத்து ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் முதல் வரி மறந்துவிடுகிறது. மின்சுற்றுப் படத்தின் ஒரு மூலையைப் பார்த்தால் மறு மூலை திரைக்கு வெளியே போய்விடுகிறது. பைத்தான் நிரலைக் கட்டைவிரலால் தட்டும் மாணவர், அடைப்புக்குறி விடுபட்ட இடத்தைத் தேடியே அரை மணி நேரத்தைத் தொலைக்கிறார். எக்செல், வரைபடம், திட்ட அறிக்கை என்று வேலைக்குப் போனால் முதல் நாளே கேட்கப்படும் எதையும் இந்தத் திரையில் பழக முடியாது. வீட்டில் மடிக்கணினி உள்ளவர் பழகுகிறார். இல்லாதவர் பார்வையாளராகவே பட்டம் வாங்குகிறார். மதிப்பெண் பட்டியலில் இருவருக்கும் ஒரே கிரெடிட்.

முடியாததைச் செய்யச் சொன்னால் குறுக்குவழி பிறக்கும். என்பிடெல் பாடங்களில் வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25 சதவீத மதிப்பெண் உண்டு. கெடு முடியும் முன்பே அந்த வார விடைகள் டெலிகிராம் குழுக்களிலும் யூடியூபிலும் சுற்றுக்கு வந்துவிடுகின்றன. வீடியோவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு இன்ஸ்டாகிராமுக்குத் தாவுவதும் புதிதல்ல. மீதி 75 சதவீதத்துக்கான தேர்வு, மையத்தில் கண்காணிப்பாளர் முன்னிலையில் நடக்கிறது என்பது ஒரு தற்காப்பு. கல்லூரிகள் தாமாகவே நடத்தும் ஆன்லைன் தேர்வுகளுக்கும் கூகுள் படிவ வினாக்களுக்கும் அதுகூட இல்லை.

பிறகு செயற்கை நுண்ணறிவும் ரீசார்ஜுக்குக் கொசுறாகக் கிடைத்தது. 2025இல் ஏர்டெல் பெர்ப்ளெக்சிட்டியையும், ஜியோ கூகுளின் ஜெமினியையும் தந்தன. ஜியோ தன் சலுகையை 18 முதல் 25 வயதுக்காரர்களிடமிருந்துதான் தொடங்கியது. யாரைக் குறிவைத்து என்பதை விளக்கத் தேவையில்லை. வினாவைப் படமெடுத்தால் விடை வருகிறது. யோசிப்பதற்கான அவகாசமே அங்கே இல்லை.

கொரோனா காலத்தில் பாடம் கற்றிருக்க வேண்டும். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜிபி இலவச டேட்டா தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல செயல்தான். ஆனால் டேட்டாவைக் கொடுத்தவர்கள் அது எந்தத் திரையில் செலவாகும் என்று கேட்கவில்லை. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியாவின் கிராமக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 சதவீதம் மட்டுமே, நகரங்களில் 23.4. இலவச டேட்டா நின்றது. 2024 ஜூலையில் கட்டணம் ஏறியது. 239 ரூபாயாக இருந்த ஜியோவின் 28 நாள் திட்டம் 299 ஆனது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறும் மாணவிக்கு, அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படியே போகிறது. கட்டணம் இல்லாத கல்வி என்று இதை அழைக்கிறோம்.

20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்க 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு உறுதியளித்தது. வரவேற்கிறோம். அது முதலாண்டில், சேர்க்கையின்போதே கைக்கு வர வேண்டும். படிப்பு முடியும் தருவாயில் கொடுத்தால் நினைவுப்பரிசாகத்தான் இருக்கும். கருவி வரும்வரை கல்லூரிக் கணினி ஆய்வகங்கள் மாலை ஏழு மணிக்கு மேலும் திறந்திருக்கட்டும். மாலை நான்கு மணிக்கே பூட்டுவதற்கா அவை? ஒவ்வோர் ஆன்லைன் பாடத்துக்கும் வாரம் ஒரு மணி நேரமாவது ஓர் ஆசிரியர் நேரில் அமர்ந்து சந்தேகம் தீர்க்க வேண்டும். அதற்கும் ஆளில்லை என்றால், அந்தப் பாடத்துக்குக் கிரெடிட் வழங்கும் தகுதி அந்தக் கல்லூரிக்கு இல்லை.

அடுத்த பருவத்துக்கான ஆன்லைன் பாடங்களுக்கு ஒப்புதல் தரும் முன், தங்கள் மாணவர்களில் எத்தனை பேரிடம் கைப்பேசி மட்டுமே இருக்கிறது என்பதைப் பல்கலைக்கழகக் கல்விக் குழுக்கள் துறைவாரியாகக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். அந்தக் கணக்கைப் பார்க்காமல் போடப்படும் கையெழுத்து, ஏழை மாணவரின் படிப்பில் ஐந்தில் இரண்டு பங்கைக் கைகழுவுவதற்கான கையெழுத்து.