சத்தம் வந்தா ஷாக்கை மாத்து!

முன்சக்கரத்துல "டொக் டொக்"னு சத்தம் வருதுண்ணேன்னு நான் சொல்லி முடிக்கல. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கல, ஜாக்கி போடல, குனிஞ்சுகூடப் பாக்கல. "ஷாக் போயிடுச்சு சார், ரெண்டு பக்கமும் மாத்திடுங்க." தீர்ப்பு வாசிச்சாச்சு.

வண்டி 2004 மாடல் மாருதி 800. (உற்பத்தியே 2014ல நின்னு போச்சு, தெரியும். ஆட்டோ அனுப்பாதீங்க.) அப்பாதான் அதிகமா ஓட்டறார். சரின்னு மாத்தினோம், 6,800 ரூபாய். வெளிய வந்து முதல் ஸ்பீடு பிரேக்கர்ல "டொக்". திரும்பப் போனா, "அப்போ ஸ்டியரிங் ராக்கா இருக்கும். அடுத்த மாசம் மாத்திப் பாக்கலாம், அதுவரைக்கும் ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது. பழைய வண்டின்னா சத்தம் வரத்தானே சார் செய்யும்?"

மாத்திப் பாக்கலாமா? யார் காசுல?

என் பொழப்பு மென்பொருள். தப்பு வந்தா லாகைப் பாக்காம "சர்வரை மாத்திப் பாக்கலாம்"னு சொன்னேன்னா மேனேஜர் என்னை மாத்திடுவார் :-) பட்டறையில மட்டும் இதுக்குப் பேரு அனுபவமாம்.

சத்தம் எப்போ வருதுங்கறதுதான் பாதி பதிலே. நின்ன எடத்துல ஸ்டியரிங்கைத் திருப்பறப்போ ஸ்பிரிங் துள்ளி "டொய்ங்"னா, ஸ்ட்ரட் மேல இருக்கற மவுண்ட் பேரிங்கைப் பாக்கணும். ஃபுல்லா ஒடிச்சுக்கிட்டு ஆக்ஸிலேட்டர் குடுக்கறப்போ "டிக் டிக் டிக்"னா அது சஸ்பென்ஷனே இல்ல, ஆக்ஸில் ஜாயிண்ட். குண்டும் குழியுமான ரோட்டுல வர்ற கடகடப்பு, பிரேக்கை லேசா மிதிச்சதும் நின்னா பிரேக் பேடு, இல்லன்னா காலிப்பர். "கீச்ச்"னா காஞ்சுபோன ரப்பர் புஷ்ஷா இருக்கலாம். தண்ணி தெளிச்சா கொஞ்ச நேரம் அடங்கும், ஆள் மாட்டிக்குவான். ஷாக் போயிருந்தா ஆயில் கசியும், பள்ளத்துல எறங்கி ஏறினா வண்டி தொட்டில் மாதிரி ஆடும். என் வண்டியில ரெண்டுமே இல்ல. ஆனாலும் மாத்தினாங்க! இதுக்கெல்லாம் முன்னாடி டிக்கியில ஜாக்கி உருளுதான்னு பாத்துடுங்க, மானம் போயிடும்.

இன்னொரு கூத்து. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டு ஆட்டிட்டு "எல்லாம் டைட்டு"ம்பாங்க. ஒரு சக்கரம் தொங்கி இன்னொன்னு தரையில நின்னா ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கிட்டு நிக்கும். அதோட புஷ்ல இருக்கற ஆட்டம் மறைஞ்சே போயிடும்.

மூணு வாரம் கழிச்சு வேற பட்டறை. அங்க ஒரு பெரியவர். முதல்ல பக்கத்துல உக்காந்து என்னை ஓட்டச் சொன்னார். அப்புறம் முன்பக்கம் ரெண்டையும் தூக்கி ஸ்டாண்டு வெச்சு, சக்கரத்தை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டினார். ஆடுச்சு. என்னை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். வீல் பேரிங்கா இருந்தா அந்த ஆட்டம் நின்னிருக்கணும், நிக்கல. லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவுல லிவர் போட்டு நெம்பினார்.

"டொக்". அதே சத்தம்!

இடது பக்க பால் ஜாயிண்ட். ரப்பர் பூட் கிழிஞ்சு, கிரீஸெல்லாம் போய், துரு. நான் வலது பக்கம்னு சூடத்துல அடிச்சு சத்தியம் பண்ணியிருப்பேன். இரும்பு வழியா சத்தம் ஊரெல்லாம் சுத்திட்டு வரும் போல.

சக்கரத்தோட கீழ்ப்பகுதியைப் புடிச்சு வெச்சிருக்கறதே அந்த ஜாயிண்ட்தான். கழண்டா சக்கரம் கோணிக்கிட்டுப் போகும், ஸ்டியரிங் கையில இருந்தும் புண்ணியமில்ல. "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லி அனுப்பின அந்த வண்டியிலதான் அப்பா மூணு வாரமா ஜிஎஸ்டி ரோட்டுல போய் வந்திருக்கார். என் கோபம் 6,800 ரூபாய்க்கு இல்ல.

நம்ம மேலயும் தப்பு இருக்கு. பெரியவர் பார்ட், கூலி போக, பாத்ததுக்குன்னு தனியா 400 ரூபாய் கேட்டார். பக்கத்துல நின்ன ஒருத்தர், "சும்மா பாத்ததுக்கா?"ன்னு வாயைப் பொளந்தார். பாக்கறதுக்குக் காசு கிடையாதுன்னா மெக்கானிக் வேற எதை விப்பார்? பார்ட்டைத்தான் விப்பார். நான் பேரம் பேசாம குடுத்தேன்.

ஆர்மை மாட்டின பிறகு, வண்டியைத் தரையில இறக்கி எடை ஏறினப்புறம்தான் புஷ் போல்ட்டைக் கடைசியா முறுக்கினார். தொங்கறப்பவே முறுக்கினா ரப்பர் திருகிக்கிட்டே நின்னு சீக்கிரம் கிழிஞ்சிடுமாம். "அலைன்மெண்ட் பாத்துடு தம்பி"ன்னார், பாத்தாச்சு.

பழைய ஷாக் ரெண்டும் டிக்கியிலதான் கிடக்கு. எடுத்து வெளிய வைக்கணும். இப்ப அதுதான் கடகடங்குது.