‘விழப்போற பல்லுதானே?’ - குழந்தையை முதன்முதலாகப் பல் டாக்டரிடம் எப்போது அழைத்துச் செல்வது?

பால் பல்லைப் பற்றிப் பேச்சு வந்தாலே நம் வீடுகளில் ஒரு பதில் தயாராக இருக்கும்: “விழப்போற பல்லுதானே, அதுக்கு எதுக்கு டாக்டர்?” பாட்டி சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், ஐ.டி. வேலையில் இருக்கும் அப்பாவும் அதையேதான் சொல்வார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. விழுகிற பல்லுக்குச் செலவு செய்வானேன்?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நாலு வயதுக் குழந்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பிக்கும்போதுதான் அந்தப் பதிலின் விலை தெரியும். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைக்கிறார்கள் (சின்னக் குழந்தையின் ஈறை அது புண்ணாக்கிவிடலாம்). யாரும் தூங்குவதில்லை. விடிந்ததும் வீங்கிய கன்னத்தோடு கிளினிக். பல் டாக்டர் என்றால் யார் என்றே அதுவரை தெரியாத குழந்தைக்கு முதல் சந்திப்பே ஊசியும் பல் பிடுங்கலும். அதற்குப் பிறகு பல வருஷங்களுக்கு அந்த நாற்காலியைப் பார்த்தாலே வயிறு கலங்கினால், அந்தக் குழந்தையைக் குற்றம் சொல்ல முடியுமா?

முதல் விசிட்டுக்குக் குழந்தையை எப்படித் தயார்படுத்துவது என்று தேடினால் கதைப் புத்தகம், பொம்மை, கார்ட்டூன் வீடியோ என்று நிறைய யோசனைகள் கிடைக்கும். எதுவும் தப்பில்லை. ஆனால் வலியோடு வரும் குழந்தையிடம் இவற்றில் ஒன்றும் எடுபடாது. வலி வருவதற்கு முன்னால் போய்விடுவதுதான் பெரிய தயாரிப்பு. அதைச் செய்தால் மற்றதெல்லாம் சுலபம்.

ஒரு வயசிலேயேவா?

முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், அல்லது முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவ அகாடமியின் பரிந்துரை. பல பெற்றோருக்கு இது வேடிக்கையாகப் படும். வாயில் இருப்பதே நாலு பல், அதில் பார்க்க என்ன இருக்கிறது?

பார்க்க இருப்பது மேல் முன்பற்களில், ஈறை ஒட்டிய இடத்தில். சொத்தை முதலில் கறுப்பாக வருவதில்லை. சுண்ணாம்பு பூசியதுபோல மங்கலான வெள்ளைக் கோடாகத்தான் ஆரம்பிக்கிறது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். வீட்டில் யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. அந்தக் கட்டத்தில் ஃபுளோரைடு வார்னிஷ் தடவி, இரவுப் பால் பழக்கத்தையும் மாற்றினால் பல்லைத் திரும்பத் தேற்ற முடியும். ஓட்டை விழுந்த பிறகு அது தானாக மூடாது.

பரிசோதனையும் பெற்றோர் பயப்படுகிற மாதிரி இருக்காது. ஒரு வயதுக் குழந்தையைப் பெரிய நாற்காலியில் தனியாகப் படுக்க வைக்க வேண்டியதில்லை. டாக்டரும் அம்மாவும் முழங்கால்கள் தொடும்படி எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். குழந்தையின் கால்கள் அம்மாவின் இடுப்பின் இருபுறமும் இருக்கும், தலை டாக்டரின் மடியில். அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே படுத்திருக்கும் குழந்தையின் வாயை டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடியால் பார்த்து முடிக்கச் சில நிமிடங்கள் போதும். அழத்தான் செய்யும். அந்த வயசில் அது இயல்பு. அழும்போது வாய் நன்றாகத் திறந்திருப்பது டாக்டருக்கு ஒருவகையில் வசதியும்கூட.

சில கிளினிக்குகளில் “மூணு வயசு ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. அப்படிச் சொன்னால் குழந்தைகள் பல் மருத்துவரைத் தேடுவது நல்லது. பி.டி.எஸ். முடித்த பிறகு மூன்று வருடம் எம்.டி.எஸ். படித்து, குழந்தைகளின் பல்லோடு அவர்களின் அழுகையையும் கையாளப் பழகியவர்கள் அவர்கள்.

குழந்தைக்கு ஏற்கெனவே மூன்றோ நான்கோ வயது ஆகிவிட்டதா? அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எந்தப் பல்லும் வலிக்காத ஒரு நாளில் போனால் சரி.

பத்து வருஷம் இருக்கும் ‘தற்காலிக’ப் பல்

பால் பற்கள் மொத்தம் 20. பெரும்பாலும் இரண்டரை, மூன்று வயதுக்குள் எல்லாம் முளைத்துவிடும். ஆறு, ஏழு வயதில் விழுவது முன்பற்கள் மட்டும்தான். சாப்பாட்டை மெல்லும் பால் கடைவாய்ப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயதுவரை வாயில் இருக்க வேண்டியவை. நாலு வயதில் கடைவாய்ப் பல்லில் சொத்தை என்றால், அந்தப் பல்லோடு குழந்தை இன்னும் ஆறேழு வருஷம் சாப்பிட்டாக வேண்டும்.

பால் பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லைவிட மெல்லியது. உள்ளே நரம்பறை ஒப்பீட்டளவில் பெரியது. அதனால் சொத்தை நரம்பைத் தொட அதிக நாள் ஆகாது. ‘போன மாசம் சின்னப் புள்ளியாத்தான் இருந்துச்சு’ என்று பெற்றோர் சொல்வது பொய்யில்லை.

பால் பல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கீழே வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது. பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி. கடைவாய்ப் பால் பல்லை முன்கூட்டியே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துவிடும். பிறகு வருகிற பல் இடமில்லாமல் கோணலாக முளைக்கும். பதின்மூன்று வயதில் பல்லுக்குக் கம்பி கட்டும்போது, அதற்கும் நாலு வயதில் பிடுங்கிய பல்லுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை.

ஆறு வயதில் வரும் பல்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அந்த வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. தெரிந்தாலும் பால் பல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய நிரந்தரப் பல். அது சொத்தையாகி, ‘விழப்போற பல்லுதானே’ கணக்கில் சேர்ந்து, கடைசியில் பிடுங்கப்படுவதைப் போலக் கொடுமை வேறில்லை. பல்லின் பள்ளங்களை மூடும் சீலன்ட்டை உரிய நேரத்தில் போட்டால் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஆனால் அந்த நேரத்தில் குழந்தை டாக்டரின் கண்ணில் பட வேண்டுமே!

மேல் பல்லில் கை வைத்தால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பல்லுக்கான நரம்பும் பார்வைக்கான நரம்பும் வேறு வேறு. பல் பிடுங்கியதால் கண் போகாது. மாறாக, மேல் பல்லில் சீழ் வைத்ததைக் கவனிக்காமல் விட்டால் வீக்கம் கண்ணுக்குக் கீழேவரை பரவக்கூடும்.

பூச்சாண்டி வேலைக்கு டாக்டர் எதற்கு?

“சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போடச் சொல்லிடுவேன்.” இந்த மிரட்டலைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை அபூர்வம். ஒருவேளைச் சோறு இறங்குகிறது, உண்மைதான். ஆனால் அந்த ஒருவேளைக்காக டாக்டர் தண்டனை கொடுக்கிறவராக ஆகிவிடுகிறார். இரண்டு வருஷம் இப்படி மிரட்டிவிட்டு, கிளினிக் வாசலில் “டாக்டர் அங்கிள் ரொம்ப நல்லவர்டா” என்றால் குழந்தை எப்படி நம்பும்?

சமாதானங்களும் பல நேரம் எதிராகத்தான் வேலை செய்கின்றன. “ஊசியெல்லாம் போட மாட்டாங்க, வலிக்கவே வலிக்காது” என்பதில் குழந்தையின் காதில் விழுவது ‘ஊசி’, ‘வலி’ என்ற இரண்டு சொற்கள்தான். அதுவரை நினைக்காத ஒன்றை நாமே நினைக்க வைக்கிறோம். “அழாம இருந்தா ஐஸ்கிரீம்” என்றால், அழும்படி ஏதோ நடக்கப்போகிறது என்று மூன்று வயதுக் குழந்தைக்குக்கூடப் புரியும். (பல் டாக்டரைப் பார்த்த கையோடு ஐஸ்கிரீம் கடைக்குப் போவது தனி வேடிக்கை.)

சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். “நாளைக்கு டாக்டர் உன் பல்லை எண்ணிப் பார்க்கப் போறாங்க.” ஒரு வாரம் முன்பிருந்தே பில்டப் வேண்டாம், முந்தின நாள் சொன்னால் போதும். வீட்டில் மடியில் படுக்க வைத்து, ஸ்பூனை வைத்துக்கொண்டு பல் எண்ணி விளையாடலாம். பிறகு குழந்தை அம்மாவின் பல்லை எண்ணட்டும். “வலிக்குமா?” என்று கேட்டால், “தெரியலடா, நாளைக்கு டாக்டர்கிட்டயே கேட்போம்” என்பது நேர்மையான பதில். சொந்தக்காரப் பெரிய பசங்கள் தங்கள் பல் பிடுங்கிய கதையைச் சொல்லத் துடிப்பார்கள். அவர்களை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும்.

கிளினிக்கில் டாக்டரும் இதே வழியில்தான் போவார். முதலில் சொல்வது, பிறகு காட்டுவது, அதன் பிறகே செய்வது. 1959-ல் அடில்ஸ்டன் என்ற பல் மருத்துவர் எழுதிவைத்த இந்த முறை இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. பல் சுத்தம் செய்யும் கருவியை முதலில் குழந்தையின் விரல் நகத்தில் சுழற்றிக் காட்டுவார்கள். அதற்கு ‘குறுகுறு பிரஷ்’ என்று பேர் வைப்பார்கள், தண்ணீர் பீய்ச்சும் குழாய்க்கு ‘ஷவர்’. டாக்டர் இவ்வளவு பாடுபட்டுக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து அப்பா, “ஒண்ணுமில்லடா, சின்ன ஊசிதான்” என்றால் எல்லாம் போச்சு. அந்த அறையில் பேசுவது ஒரு குரலாக இருக்கட்டும், டாக்டரின் குரலாக. அம்மாவின் கை குழந்தையின் காலைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

வீட்டில் யாருக்குப் பல் டாக்டர் என்றால் பயமோ, அவர் அன்று வராமல் இருப்பது உத்தமம். குழந்தை முகத்தைப் படித்துவிடும். அப்பா நடுங்கினால் அத்தை கூட்டிப் போகட்டும்.

நேரமும் முக்கியம். வேலைக்குப் போகும் தம்பதிக்கு வசதியாக இருப்பது சாயங்காலம் ஏழரை மணி அப்பாயின்ட்மென்ட். ஆனால் அது ஸ்கூல் முடிந்து, களைத்து, தூக்கம் சொக்கும் நேரம். சனிக்கிழமை காலை, தூங்கி எழுந்து லேசாகச் சாப்பிட்ட பிறகு போனால் அதே குழந்தை வேறு குழந்தையாக இருக்கும். வயிறு முட்டச் சாப்பிட வைத்துக் கூட்டிப் போனால் வாந்தி எடுத்துவிடக் கூடும்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

எல்லாக் கிளினிக்கும் பொறுமையானவை என்று சொல்ல முடியாது. அவசரமில்லாத சிகிச்சைக்காகக் குழந்தையைக் கைகாலைப் பிடித்து அமுக்குகிற இடமாக இருந்தால், “இன்னிக்கே செய்யணுமா, இன்னொரு நாள் வரலாமா?” என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. வீக்கம், சீழ், காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போட முடியாது. மற்றபடி பல சிகிச்சைகள் சில வாரங்கள் காத்திருக்கும். எந்தப் பல், ஏன், வேறு வழி உண்டா என்று கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வேறு வழி என்பது வெறும் பேச்சுக்கு இல்லை. சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தை டிரில் இல்லாமல், ஊசி இல்லாமல் சொத்தையில் தடவிப் பல நேரங்களில் அது பரவாமல் நிறுத்தலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. குறை ஒன்று: தடவிய சொத்தை கறுத்துவிடும். ‘ஃபோட்டோல அசிங்கமா இருக்குமே’ என்று மறுக்கிற பெற்றோர் உண்டு. இரண்டு வயதுக் குழந்தையை மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைப்பதற்கும் ஒரு கறுப்புப் புள்ளிக்கும் நடுவில் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், புள்ளியைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றையும் அந்த முதல் விசிட்டிலேயே டாக்டர் சொல்லிவிடுவார். வாயில் பால் பாட்டிலோடு தூங்க வைக்கக் கூடாது. மூன்று வயதுவரை அரிசிமணி அளவு, அதன் பிறகு ஆறு வயதுவரை பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட். ஏழு, எட்டு வயதுவரை பெரியவர் யாராவது ஒருவர்தான் தேய்த்துவிட வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி போலத் தண்ணீரிலேயே ஃபுளோரைடு அதிகமுள்ள ஊர் என்றால் பேஸ்ட் விஷயத்தை டாக்டரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பல் முளைக்கும்போது வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் எல்லாம் ‘சகஜம்’ என்று விட்டுவிடக் கூடாது. பல் முளைப்பதால் கடும் காய்ச்சல் வருவதில்லை; அது வேறு நோயாக இருக்கும்.

பணம் இருப்பவர்களுக்கு மட்டுமா?

தனியார் குழந்தைகள் பல் மருத்துவர்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஆனால் வலி வந்த பிறகே அங்கேயும் போகிறோம். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் (ஆர்.பி.எஸ்.கே.) அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பரிசோதிக்க வேண்டியவற்றில் பல் நோயும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பள்ளியில் பார்த்து, சீட்டு எழுதிக் கொடுத்து, அந்தச் சீட்டு புத்தகப் பைக்குள்ளேயே கசங்கிப்போனால் என்ன பயன்? கூலி வேலையை விட்டுவிட்டு ‘விழப்போற பல்லு’க்காக மாவட்டத் தலைநகரம்வரை ஒரு அம்மா எப்படிப் போவார்?

புதுத் திட்டம் எதுவும் இல்லாமலே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசிக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மாக்கள் வருகிறார்கள். முதல் பல் எட்டிப் பார்க்கிற வயது அது. அன்றைக்கு அந்தச் சின்ன உதட்டைத் தூக்கிப் பார்த்து, வெள்ளைக் கோடு என்றால் எப்படி இருக்கும் என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுக்க நர்ஸுக்கு ஒரு நிமிடம் ஆகுமா? தடுப்பூசி வரிசையில் அந்த ஒரு நிமிடத்தைக் கண்டிப்பாகச் சேர்க்கலாம்.

முதல் விசிட் முடிந்து வெளியே வரும்போது சிலருக்கு ஒரு மனக்குறை வருவதுண்டு. “சும்மா பாத்துட்டு அனுப்பிட்டாங்க, இதுக்குப் போய் ஃபீஸா?” ஊசி இல்லை, மருந்துச் சீட்டு இல்லை, குழந்தை கையில் ஒரு ஸ்டிக்கர் மட்டும். படியிறங்குவதற்கு முன்பே, ஆறு மாதம் கழித்து வரும் ஒரு சனிக்கிழமைக் காலையை மொபைல் காலண்டரில் குறித்துவிடுவது நல்லது. வீட்டுக்குப் போனால் மறந்துவிடும்.